கீழக்கரை மாடித்தோட்டம்: குட்டி ஜெரேனியம்

செல்வி: கொடைக்கானல் நர்சரியில வாங்குன குட்டி ஜெரேனியம் பூச்செடி, இலை ஓரமெல்லாம் பழுப்பாக் கருகுது. தண்ணி பத்தலையா?

ஜமால் காக்கா: என்ன தண்ணி ஊத்துறீங்க தங்கச்சி?

செல்வி: போர் தண்ணிதான் காக்கா

ஜமால் காக்கா: அப்ப உப்புதான். தொட்டி அளவுக்கு மூணு மடங்கு குழாயில வர்ற காவேரித் தண்ணி, இல்ல மழைத்தண்ணி மெதுவா ஊத்தி அடியில வடியவிடுங்க. தொட்டியில சேர்ந்த உப்பு கழுவிப் போயிரும். அப்புறம் மேல்மண் ஒரு இஞ்ச் காயுற வரை ஊத்தக்கூடாது. தட்டுல தேங்குறதக் கொட்டிரணும்

மாரியம்மாள்: மண்ணுல தேங்காய் நார்க்கழிவு கலந்திருந்தா அதுலயும் உப்பு இருக்கும் செல்வி. நல்ல தண்ணியில நாலு தடவையாச்சும் ஊறவச்சுப் பிழியணும். செம்மண் 2 பங்கு, ஆத்து மணல் 1, கழுவுன நார்க்கழிவு 1, மக்குன தொழு உரம் 1. கடக்கரை மணல் கையாலயும் தொடாதீங்க

மாரியம்மாள்: 5 இஞ்ச் தொட்டி போதும். பெருசுல வச்சா வேர் போகாத மண்ணு ஈரமாவே நின்னு தண்டு அழுகும்

செல்வி: பக்கத்துத் தொட்டியில தண்டு அடியில கருப்பு ஏறுதுக்கா

மாரியம்மாள்: பித்தியம் அழுகல், பூஞ்சை மாதிரி ஒரு கிருமியால வர்றது. அடிச்செடி பிழைக்காது. கருப்பே இல்லாத நுனியா 3 இஞ்ச், கணுவுக்குக் கீழ வெட்டுங்க. கீழ் இலையக் கிள்ளிட்டு, நிழல்ல ரெண்டு மூணு மணி நேரம் காயவச்சு, கழுவுன மணல்ல நடுங்க. மூடி போட்டு மூடக்கூடாது, அழுகிரும்

ஜமால் காக்கா: ஒண்ணு பாத்துக்குங்க. இலையில V மாதிரி மஞ்சள் விழுந்து செடி துவண்டா அது பாக்டீரியா. அதுக்கு மருந்து கிடையாது, நுனியும் எடுக்காதீங்க. தொட்டி மண்ணோட அப்புறப்படுத்திட்டு, கத்தரிய ஸ்பிரிட்ல துடைங்க

பாத்திமா லாத்தா: எங்க வீட்டுல பெரிய பூ ரகம் ஒண்ணு நிக்குது, இலை மட்டும்தான் வருது

ஜமால் காக்கா: ரீகல் ரகமா இருக்கும் லாத்தா. மொட்டு கட்ட ராத்திரி 15 டிகிரிக்குக் கீழ வாரக்கணக்குல குளிரணும். நம்ம கரையில தையிலயும் அது கிடைக்காது. இலையில வளையம் இருக்குற ஸோனல் குட்டை ரகம் வைங்க, வெளிச்சம் இருந்தாப் பூக்கும்

மாரியம்மாள்: காலை வெயில் 10 மணி வரை, அப்புறம் 50 சதவீதம் நிழல் தர்ற பச்சை வலை. தழைச்சத்து கூடுனா இலைதான் வரும். சித்திரை, வைகாசியில பூக்குறது நின்னுரும், அப்ப உரமே வேண்டாம்

செல்வி: வாடுன பூவக் கத்தரிக்கவாக்கா?

மாரியம்மாள்: பூக்காம்பை அடியில பிடிச்சு ஒடிச்சிருங்க. பாதியில வெட்டுனா மிச்சக் காம்பு அழுகும். நுனியக் கிள்ளுனா குட்டையாப் புதர் கட்டும்

ஜமால் காக்கா: ஐப்பசி மழைக்கு முன்னாடி சன்ஷேடுக்கு அடியில நகத்திருங்க. மழைத்தண்ணிய டிரம்முல பிடிச்சு வைங்க, மாசி வரைக்கும் ஊத்த ஆகும்