புதுப்பிப்பு: தம்பி போன பிறகு செபிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தேனே

போன வருடம் தம்பியை விபத்தில் இழந்த பிறகு செபமாலையைத் தொட்டாலே கோபம்தான் வருகிறது என்று எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் பல முறை படித்தேன்.

"கடவுளின் திட்டம்" என்ற வார்த்தை இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒருவர் யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தைப் படிக்கச் சொன்னார் அல்லவா, அங்கேயே நின்றுவிட்டேன். இலாசரைக் கல்லறையில் வைத்து நான்கு நாள் ஆன பிறகு வருகிற இயேசுவிடம் இலாசரின் சகோதரி மார்த்தா, நீங்கள் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள் (தம்பியோ அண்ணனோ, எனக்குத் தம்பி என்றுதான் காதில் விழுகிறது). அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, கொஞ்ச நேரத்தில் அவரே அழுகிறார், இலாசரை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும். விவிலியத்தில் உள்ள திருப்பாடல் 88-உம் ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் செபம்தானே!

அப்புறம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு அம்மாவோடு போனேன். கல்லறையைக் கழுவி, செவ்வந்திப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது, அம்மா கையால் மறைத்தபடி செபமாலை சொன்னார், பாதியிலிருந்து நானும் சேர்ந்து சொன்னேன்.

கோபம் போகவில்லை. இப்போது அதைக் கடவுளிடமே சொல்கிறேன். இரண்டு வாரமாக ஞாயிறு பூசைக்கும் போகிறேன், கடைசி பெஞ்சில், அம்மா பக்கத்தில்.