வாசல்ல கேட்ட மேளம்: மறக்க முடியாத ஒரு தருணத்தைச் சொல்லுங்க

ஆடுதுறையான்:
பங்குனி உற்சவம். சாமி வீதி சுத்தித் திரும்புற நேரம், நடுராத்திரி தாண்டிடுச்சு. தாத்தா திண்ணையில படுத்த படுக்கை. ஒரு காலத்துல நாலு வீதியும் மேளத்தோடயே நடந்தவர். எங்க வாசல்ல தீபாராதனை ஆச்சு, சாமி கிளம்பணும். நாயனக்காரர் நகரல, திண்ணையையே பார்த்தார். ஊதுற சீவாளியைக் கழட்டினார். நாயனத்துல தொங்குற கொத்துலேருந்து வேற ஒண்ணை எடுத்து வாயில நனைச்சு, குச்சியால லேசா நெகிழ்த்தி, பீ பீன்னு ஊதிப் பார்த்து மாட்டினார். தவில்காரரைக் கையமர்த்தினார். சுருதி மட்டும் நிக்குது. அப்புறம் ஒரு ஆலாபனை. தாத்தா ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். சாமி அந்தப் பக்கம், நாயனக்காரர் இந்தப் பக்கம். தாத்தா பார்த்தது இந்தப் பக்கம்.
அது என்ன ராகம்னு வீட்டுல யாருக்கும் சொல்லத் தெரியல. கீழேயே ரொம்ப நேரம் நின்னுது, அவசரமே இல்லாம. யாராவது சொல்லுங்களேன்.

கும்பகோணம் பேத்தி:
நீலாம்பரிதான், சந்தேகமே வேண்டாம். படுத்திருக்கிறவருக்குத் தாலாட்டு வாசிச்சிருக்கார்.
எங்க கதை வேற. பாட்டி வீட்டை இடிச்சப்ப நரசிங்கம்பேட்டையிலேருந்து ஒருத்தர் வந்தார். நாயனம் கடையிறவர். அதுக்குப் பழைய ஆச்சா மரம்தான் வேணும், புது மரம் ஆகாது. அதனால இடிக்கிற வீடுகள்ல தேடி வாங்குவாங்க. கூடத்து உத்தரத்தை விரல் மடக்கித் தட்டினார், காதை வச்சுக் கேட்டார், இன்னொரு இடத்துல தட்டினார். பாட்டி தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. "இதுல எத்தனை தொட்டில் கட்டியிருக்கோம் தெரியுமா"ன்னாங்க. அவர், "அப்ப நல்லாப் பேசும்மா"ன்னு சொல்லிட்டு விலை பேசாம கேட்ட பணத்தைக் கொடுத்தார். 2022ல நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்ச செய்தியைப் படிச்சப்ப எனக்கு அந்த உத்தரம்தான் ஞாபகம் வந்துது.

மாயவரம் ரசிகன்:
நீலாம்பரின்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? அது ஊஞ்சலுக்கும் பள்ளியறைக்கும் உரியது. சாமி இன்னும் வீதியில இருக்கு, கோயிலுக்குள்ளயே போகல. புறப்பாட்டுல அதுக்குன்னே உள்ள மல்லாரி, அப்புறம் வீதியில ராகம். அதுக்கு ஒரு முறை இருக்கு. தெரிஞ்ச வித்வான் அதை மீற மாட்டார். ஆடுதுறை, திருவாவடுதுறைப் பக்கம்னா தோடியாத்தான் இருக்கும். நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை மறைஞ்சது 1956ல. இன்னும் அந்தத் தோடியைப் பேசாம இந்தப் பக்கம் ஒரு திருவிழா முடியாது. நான் சின்ன வயசுல கேட்ட ஒரு தோடியும் இப்படித்தான், கீழ் ஸ்தாயியிலேயே தெரு முனை வரைக்கும் வந்துது.

இணுவில் பிள்ளை:
ராகச் சண்டை இருக்கட்டும். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருசம் திரும்பி வந்தனாங்கள். வீட்டுக்குக் கூரை இல்லை. அம்மா முத்தத்தில கல்லடுக்கி உலை வச்சுக்கொண்டு நிக்கிறா. கோயில் பக்கமிருந்து தவில் கேட்டது. பெரிய சமா ஒண்டுமில்லை, ஒரு நாயனம், ஒரு தவில். அம்மா அகப்பையைக் கையில பிடிச்சபடியே ஓடினவ. நான் பின்னால. மேளகாரர் விரல்க்கூட்டை ஒவ்வொண்டா இறுக்கிக்கொண்டு சனத்தைப் பாக்கிறார், ஆர் ஆர் வந்திருக்கினம் எண்டு. அம்மாவைக் கண்டதும் "நீங்களும் வந்திட்டியளோ" எண்டார். வேற கதையில்லை, திரும்ப அடிக்கத் தொடங்கிட்டார். அம்மம்மா தெட்சணாமூர்த்தியின்ர தவிலை நேரில கேட்டவ, வேற தவில் ஒண்டையும் மதிக்கமாட்டா. அண்டைக்கு அவவும் வாய் திறக்கேல்லை.

கீழத்தெரு:
எல்லாரும் சாமி வாசலுக்கு வந்த கதை சொல்றீங்க. எங்க தெருவுக்குச் சாமி வராது. மேளம் தூரத்துல கேக்கும், திரும்பிப் போயிடும். எங்க வாசல்ல கேட்டது பறை.
அப்பாயி செத்த அன்னைக்கு மத்தவங்க அப்பாகிட்ட "நீ உக்காரு, நாங்க அடிக்கிறோம்"னாங்க. அப்பா கேக்கல. வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் தீயில காட்டி, தோலை விரலால சுண்டிச் சுண்டிப் பார்த்தார். தொம்முன்னு கேட்டுது, பத்தல. மறுபடி காட்டினார். கணீர்னு வந்ததும் வலது கையில அடிக்குச்சி, இடது கையில சிம்புக்குச்சி, எழுந்து நின்னார். ஊர்ல எத்தனையோ சாவுக்கு அடிச்சவர். அன்னைக்கு அடிச்ச அடி வேற. என் பையனுக்கு அதைச் சொல்லிக் காட்டணும்னு பார்க்கிறேன், வாயால வரல.

மதுரைக்காரி:
தங்கச்சி கல்யாணத்துல வாசல்ல செண்டை மேளம், உள்ளே ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டு. நாயனக்காரங்க மூலையில. தாலி எடுத்தாச்சு, ஐயர் கையை ஆட்டுறார், வீடியோக்காரர் நடுவுல நிக்கிறார், தவில்காரருக்குத் தெரியல. அப்பா "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"னு தொண்டை கிழியக் கத்தினார். அந்தக் குரல்தான் இன்னும் காதுல இருக்கு.
கல்யாணம் வச்சிருக்கிறவங்களுக்குச் சொல்றேன். மேளத்தை மணவறை நேரா கண்ணுக்குத் தெரியுற இடத்துல உக்கார வைங்க. குறுக்கே யாரும் நிக்கக்கூடாதுன்னு வீடியோக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. ஏசி காத்து நேரா படுற இடம் வேண்டாம், சீவாளி காஞ்சு போகும். அவங்க வாசிக்கிறப்ப ஸ்பீக்கரை நிறுத்துங்க, குறைக்காதீங்க, நிறுத்துங்க. ஊஞ்சலுக்கும் மாலை மாத்துறதுக்கும் என்ன வாசிக்கணும்னு அவங்களுக்கே தெரியும், சினிமாப் பாட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்காதீங்க. விடியற்காலை முகூர்த்தம்னா முதல் நாள் ராத்திரியே தங்க நல்ல அறை கொடுங்க. மண்டபத்துக்குக் கொடுக்கிற வாடகையில பேரம் பேசாதவங்க மேளத்துக்கிட்ட மட்டும் ஏன் பேசறீங்க? முதல் பந்தியிலேயே சாப்பாடு போடுங்க. செண்டை வாசிக்கிறவங்க மேல எனக்குக் கோபமில்ல, நல்லாத்தான் வாசிச்சாங்க. ஒரே நேரத்துல ரெண்டையும் வச்ச எங்க வீட்டாள் மேலதான் கோபம்.

கீழத்தெரு:
முதல் பந்தின்னு எழுதியிருக்கீங்க. அதுல பறைக்காரங்களையும் சேர்த்து எழுதுங்க. அப்பா அடிக்கப் போன எந்த வீட்டுலயும் இலை போட்டு உக்கார வச்சதில்ல. கூலியையும் கையில கொடுக்காம தரையில போடுவாங்க. இப்ப எங்க ஊர்ப் பையன்க பள்ளி விழா, மேடைன்னு சம்பளம் பேசித்தான் வாசிக்கப் போறாங்க. சாவுக்குக் கூப்பிட்டா முடியாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அது சரிதான். மாயவரம் ரசிகன், முறை முறைன்னு சொல்றீங்களே, சாமி எந்தத் தெருவோட திரும்பணும்ங்கிறதும் அந்த முறையில எழுதியிருக்கா?