மறுமொழி: ‘மெல்லுடல் ஒயின்’ வேண்டாம், ‘இளந்துவர்’ எப்படி?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். நம் ஒயின் சொல்லட்டவணைக்காக, கனமும் துவர்ப்பும் குறைந்த சிவப்பு ஒயின் வகைக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். பிரான்சின் லியோன் நகரத்துச் சிற்றுணவகம் ஒன்றில் மேசைக்குப் பரிமாறுவது என் பிழைப்பு. நீங்கள் பெயர் தேடிக்கொண்டிருக்கும் ஒயினின் ஊரான போஜொலே, வடக்கே புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆகவே நானும் மூக்கை நுழைக்கிறேன்.

> ‘மெல்லுடல் சிவப்பு ஒயின்’ என்று வைத்துக்கொள்ளலாமே.

மன்னிக்க வேண்டும். மெல்லுடல் என்றதும் பள்ளி விலங்கியலில் படித்த மெல்லுடலிகள்தாம் வந்து நிற்கின்றன. நத்தைக்கு இந்த ஒயின் பொருந்துமா என்பது வேறு கேள்வி. வாய்க்குள் ஒரு பானம் தண்ணீராய் ஓடுகிறதா, பாலாய்த் தங்கி நிற்கிறதா என்பதைச் சொல்லக் ‘கனம்’ என்ற ஒரு சொல் போதும். கனத்த ஒயின், கனம் குறைந்த ஒயின். உடலை விட்டுவிடுவோம்.

இன்னொருவர் சொன்ன ‘எளிய ஒயின்’ எனக்குப் பிடிக்கவில்லை. அதில் ஓர் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போஜொலேயின் திராட்சையான கமேயை 1395-இலேயே பர்கண்டியின் கோமகன் பிலிப், கெட்ட கொடி என்று ஏசிப் பிடுங்கி எறியச் சொன்னார். பட்டது போதும், நாமும் சேர்ந்து இழிவுபடுத்த வேண்டாம்.

> துவர்ப்பு ஒரு சுவை. டானின் தருவது தொடுவுணர்வு. ஆகவே ‘துவர்’ சரிவராது.

ஆய்வுக்கூடத்துக்கு இது சரி. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள், எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. வழுவழுப்பு போய்விடுவதால் நாக்கும் கன்னமும் உரசிக்கொள்கின்றன. ஆனால் நாவற்பழம் தின்ற பிள்ளை ‘நாக்கைப் பிடிக்குது’ என்கிறதே, அது சொல்வதும் இதைத்தானே? அறுசுவையில் ஒன்றாக நாம் அதைப் பெயரிட்டு வைத்திருக்கும்போது, இல்லாத சொல்லுக்கு எங்கே அலைய வேண்டும்? பொருளுக்கு டானின் என்றே இருக்கட்டும். அது வாயில் செய்யும் வேலைக்குத் துவர்.

அடுத்து, பலரும் கைதூக்கிய ‘மென்துவர்’. இதில் ஒரு வழுக்கல் உண்டு. துவர் என்றால் சிவப்பும்தான். துவர்வாய் சிவந்த வாய், துவராடை காவியாடை. எனவே மென்துவர் என்பதை வெளிறிய சிவப்பு என்று மட்டும் படித்துவிட இடமிருக்கிறது. நான் முன்வைப்பது ‘இளந்துவர்’. இளஞ்சூடு, இளவெயில் என்ற வரிசையில் வருவதால் அளவில் குறைந்தது என்ற பொருள் தானே வந்துவிடும். முற்றாமல் குடிக்கும் ஒயின் என்பதும் அதற்குள் இருக்கிறது. நிறக்குழப்பம் முழுதாகத் தீராது என்பது தெரியும். ரோஸே ஒயினை ‘இளஞ்சிவப்பு’ என்று அட்டவணையில் முன்பே போட்டுவிட்டதால் சமாளித்துக்கொள்ளலாம்.

துவர் ஏன் குறைகிறது என்பதையும் விளக்கத்தில் சேருங்கள். போஜொலேயில் திராட்சையை நசுக்காமல் குலைகுலையாகத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அடியில் நசுங்கியவை நொதித்துக் கரியமில வாயு நிரம்ப, மேலே முழுதாக இருக்கும் பழங்கள் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். நிறமும் பழவாசனையும் வரும். தோலிலும் விதையிலும் உள்ள துவர் அவ்வளவாக இறங்காது. இதற்குக் ‘கரிம ஊறல்’ என்பதைவிட ‘முழுக்குலை நொதிப்பு’ என்பது கண்ணுக்குத் தெரிகிற பெயர்.

சிவப்பு ஒயினைக் குளிர்விக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இதைக் குளிர்விக்கலாம், 12 முதல் 14 பாகை செல்சியஸ் வரை. எங்கள் ஊர்ச் சிற்றுணவகங்களில் அடி தடித்த 46 சென்டிலிட்டர் போத்தலில் ஊற்றி வைப்பார்கள். அதைப் பனிக்கட்டி போட்ட நீரில் கால் மணி நேரம் நிறுத்தினால், ஊற்றும்போதே ஸ்ட்ராபெரி வாசனை வரும். சிலவற்றில் வாழைப்பழ வாசனையும் வரும். ஒருநாள் அவசரத்தில் அதே வாளியில் துவர் மிகுந்த போர்தோ ஒயினையும் வைத்துவிட்டேன். முதல் மிடறிலேயே வாடிக்கையாளரின் முகம், ஆறிப்போன கடுந்தேநீரைக் குடித்தவர் முகம்போல ஆகிவிட்டது. குளிர்ச்சி துவரைத் தூக்கிக் காட்டும். இளந்துவரில் தூக்கிக் காட்ட அதிகம் இல்லை.

கடைசியாக, எந்த ஒயினுக்கு எந்த உணவு என்பதற்குச் சொன்ன ‘உணவு இணையாக்கம்’. யாராவது வீட்டில் இப்படிப் பேசுவார்களா? ‘தொட்டுக்கொள்ள என்ன?’ என்றுதான் கேட்போம். ‘தொடுகறி’யைப் பரிந்துரைத்தவரை வணங்குகிறேன், ஆனால் எது எதற்குத் தொடுகறி? மதுக்கடையில் சுண்டல் தொடுகறி. லியோன் மேசையிலோ ரோசெத் என்னும் உலர்ந்த பன்றித் தொத்திறைச்சிதான் சோறு, ஒயின் அதற்குத் தொடுகறி! ஒரு துண்டு தின்றதும் கொழுப்பு நாக்கில் படியும். ஒரு மிடறில் உள்ள புளிப்பு அதைக் கழுவும். அடுத்த துண்டுக்குக் கை போகும். ஆகவே எந்தப் பக்கமும் சாயாமல் ‘பொருத்தம்’ என்றே எழுதலாம். வறுத்த கோழி, ஆட்டுப்பால் சீஸ் இரண்டும் இதற்கு நல்ல பொருத்தம். கனத்த துவர் மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் எரிச்சல் ஏறும். இளந்துவர் அவ்வளவு வம்பு செய்யாது.

ஓர் எச்சரிக்கை: போஜொலே எல்லாமே இளந்துவர் என்று எழுதிவிடாதீர்கள். தனிப்பெயர் பெற்ற பத்து ஊர்களில் மோர்கோன், மூலான்-ஆ-வான் போன்றவை கனம் கூடியவை, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தாலும் தாங்கக்கூடியவை. இளந்துவர் வகையின் பெயர், ஊரின் பெயர் அன்று.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று எங்களுக்கு விடுமுறை, உட்கார்ந்து சண்டை போடலாம்.