பாலாற்று மணல் வீட்டைச் சிற்பமாக்குவது எப்படி?

சிற்பக்கலை மாணவி, பள்ளிகொண்டா:
வணக்கம். கோடையில் வறண்டு கிடக்கும் பாலாற்றில் ஈர மணலைக் காலின்மேல் குவித்து, தட்டித் தட்டி இறுக்கி, மெல்லக் காலை உருவிக்கொண்டு வீடு கட்டியதும், பக்கத்திலேயே கையால் ஊற்று தோண்டி நீர் சுரக்கும்வரை காத்திருந்ததும் என் சிறுவயதின் பெரும்பகுதி. மணல் அள்ளப்பட்டுப் படுகையே பல இடங்களில் தாழ்ந்துவிட்ட நிலையில், அந்த விளையாட்டை இறுதியாண்டுப் படைப்பாகச் செய்ய விரும்புகிறேன். சுடுமண்ணில் பத்து வீடுகள் செய்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். அவை கடையில் விற்கும் அலங்காரப் பொருள்களைப் போல இருக்கின்றனவே தவிர, எனக்கே ஆற்றை நினைவூட்டவில்லை. எங்கே தவறுகிறேன்?

ஓவிய ஆசிரியர், வேலூர்:
நீங்கள் வீட்டின் வெளிப்புறத்தைச் செய்திருக்கிறீர்கள். விளையாடும் குழந்தைக்கு வீடு என்பது, கால் வெளியே வந்தபின் உள்ளே எஞ்சும் வெற்றிடம் அல்லவா? ஆங்கிலேயச் சிற்பி ரேச்சல் வைட்ரெட், சிறுவயதில் துணி அலமாரிக்குள் ஒளிந்திருந்த நினைவைக் கொண்டு, 1988-ல் ஓர் அலமாரியின் உட்புற வெற்றிடத்தைப் பிளாஸ்டரில் வார்த்து, அதைக் கறுப்புக் கம்பளித் துணியால் போர்த்தினார். அவர் வடித்தது அலமாரியை அன்று, அதனுள் இருந்த இருட்டை. 1990-ல் ஓர் அறை முழுவதன் வெற்றிடத்தையும் அவ்வாறே வார்த்தார். உங்கள் மணல் வீட்டுக்குள்ளும் பிளாஸ்டர் ஊற்றிப் பாருங்கள்.

ஒளிப்படக் கலைஞர், ஆற்காடு:
ஆசிரியர் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் வார்ப்பில் விளையாடும் கணம் தொலைந்துபோகும் என அஞ்சுகிறேன். காலை உருவும்போது மூச்சை அடக்கிக்கொள்வோமே, அதுதான் இந்த விளையாட்டின் உயிர். பெல்ஜியக் கலைஞர் ஃபிரான்சிஸ் ஆலிஸ் 1999 முதல் பல நாட்டுக் குழந்தைகளின் விளையாட்டுகளைப் படமெடுத்து வருகிறார். அவற்றுள் முதலாவதில், மெக்சிகோ நகரின் மேட்டுத் தெரு ஒன்றில் ஒரு சிறுவன் பாட்டிலை உதைத்தபடி ஏறுகிறான். அது உருண்டு உருண்டு கீழே வருகிறது. அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. வார்ப்பின் அருகே, மணல் வீடு இடியும் காட்சியையும் வையுங்கள்.

சிற்பக்கலை மாணவி, பள்ளிகொண்டா:
இருவருக்கும் நன்றி. நேற்று அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு ஆற்றுக்குச் சென்றேன். இரண்டு வீடுகள் ஈரம் போதாமல் இடிந்தன. அவள் சிரித்ததைப் பதிவு செய்துகொண்டேன். மூன்றாவது நின்றது. அதனுள் ஊற்றிய பிளாஸ்டர் ஒரு சிறுகாலின் வடிவில், மேலெல்லாம் மணல் ஒட்டியபடி வெளியே வந்தது. அந்த மணலைக் கழுவப்போவதில்லை.