ஃபேர் ஐல் கார்டிகன் தொடங்கியிருக்கிறேன், கத்தரி வைத்தவர்கள் சொல்லுங்கள்

அபர்தீனிலிருந்து:

ஊட்டியில் பெரியம்மா ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து பின்னுகிறேன். தொப்பி, மஃப்ளர், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் என்றால் கை தானாக ஓடும். இந்த மாதம் தொடங்கிய கார்டிகனில் அப்படி ஓடவில்லை. ஒவ்வொரு கண்ணியையும் எண்ணி எண்ணித்தான் போகிறேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுகளுக்கும் ஷெட்லாந்துத் தீவுகளுக்கும் நடுவே கடலில் கிடக்கும் சின்னத் தீவு ஃபேர் ஐல். அதன் பெயரில்தான் இந்த வேலைப்பாடு. தூரத்திலிருந்து பார்த்தால் பத்து நிறம் கலந்து கிடப்பதுபோல் இருக்கும், ஆனால் எந்தச் சுற்றை எடுத்தாலும் இரண்டே நிறம்தான். ஒரு நிறம் முன்னால் பூவாகும்போது மற்றது பின்னால் தளர்வாக ஓடிவர வேண்டும். கொஞ்சம் இறுக்கிவிட்டாலும் துணி சுருங்கிவிடும்.

என்னைப் பயமுறுத்துவது அதுவல்ல. இந்தக் கார்டிகனை முன்பக்கம் திறந்தபடி பின்னுவதில்லை. வட்ட ஊசியில் குழாய்போலச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். நல்ல பக்கம் எப்போதும் நம் முகத்தைப் பார்த்தபடி இருக்கும், துணியைத் திருப்பிப் பின்பக்கமாகப் போடும் பர்ல் வரிசையே கிடையாது, பூ பிசகினால் உடனே தெரிந்துவிடும். முடித்த பிறகு, முன்பக்க நடுவில் கூடுதலாக விட்டுவைத்த ஒன்பது கண்ணிப் பட்டையைக் கத்தரியால் மேலிருந்து கீழே வெட்டித் திறக்கிறார்கள். அந்தப் பட்டைக்கு ஸ்டீக் என்று பெயர். மாதக்கணக்கில் பின்னியதில் கத்தரி வைப்பதை நினைத்தாலே கை நடுங்குகிறது.

நூல் வாங்க இங்கிருந்து இரவுக் கப்பலில் ஷெட்லாந்தில் இருக்கும் லெர்விக் ஊருக்குப் போனேன். மாலையில் ஏறினால் காலையில் இறங்கலாம். அங்கே ஒரு வயதான அம்மா பின்னிக்கொண்டிருந்தார். இடுப்பில் தோல் பட்டை, அதில் குதிரைமுடி அடைத்த சிறு திண்டு, திண்டு முழுக்கத் துளைகள். வலக்கை ஊசியின் முனையைத் துளையில் செருகிவிட்டார். ஊசியின் பாரம் இடுப்புக்குப் போய்விட, விரல்களுக்கு நூலை ஓட்டும் வேலை மட்டும்தான். மாக்கின் பெல்ட் என்கிறார்கள். அந்த ஊர்ப் பேச்சில் மாக்கின் என்றால் பின்னல்.

வெட்டுவதைப் பற்றி அவரிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. கையிலிருந்த நூலை இழுத்து அறுத்தார். இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஈரம் தொட்டு, உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்தார். மறுபடி ஒரே நூலாகிவிட்டது. இழுத்துப் பார் என்று என் கையில் கொடுத்தார். அறுந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் மாதிரித் துண்டு போட்டேன். இதைத் தட்டையாகப் பின்னி அளந்தால் கணக்கு தப்பும், நம் கை பர்லில் வேறு இறுக்கம் காட்டும். அதனால் அதையும் ஸ்டீக் பட்டையோடு சிறு குழாயாகவே பின்னினேன். 3.25 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 28 கண்ணி வந்தது. உடம்புக்கு 288 கண்ணி என்றால் சுற்றளவு ஏறக்குறைய 103 செ.மீ. அதுவே 30 கண்ணியாகியிருந்தால் 96 செ.மீ.தான், பட்டனே போட முடியாது. குழாயை வெட்டி விரித்து அளக்கச் சொல்கிறார்கள். மனம் வரவில்லை, மடித்தபடியே அளந்துகொண்டேன்.

40 சுற்று முடிந்திருக்கிறது. வெட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

அக்கா, நான் வெட்டியிருக்கிறேன், அது தப்பாகவும் போயிருக்கிறது. இங்கே கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக்தான். தம்பி மகனுக்கு அதில்தான் போட்டேன். பட்டையின் இரண்டு பக்கமும் குரோஷா ஊசியால் ஒரு வரி கட்டிவிட்டு வெட்டினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. குழந்தைக்குப் போட்டுவிடக் கையை நுழைத்தபோது வெட்டிய முனைகள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. ஓடிப்போய்ப் பஜாரில் தையல்கார அண்ணனிடம் கொடுத்தேன். அவர் பொடித் தையலாக இரண்டு வரி ஓட்டிக் காப்பாற்றினார். ஓரம் இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் நிற்கிறது.

அந்த அம்மா தேய்த்துக் காட்டியதுதான் விஷயம். ஆட்டு மயிரில் செதில் உண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக்கில் அது இல்லை. மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய கம்பளியிலும் செதிலை மழுக்கிவிடுகிறார்கள், அதுவும் வழுக்கும். உங்கள் நூல் ஷெட்லாந்து நூல். குரோஷாவே போதும் அக்கா.

திருப்பூரிலிருந்து:

வணக்கமுங்க. எனக்குக் கையால பின்னத் தெரியாதுங்க, வீட்டுக்காரம்மா பின்னுவாங்க. நான் கட்டிங் மாஸ்டர். நாங்க தினமும் வெட்டுறது பின்னலைத்தானுங்க. பனியன் துணி நெய்றது இல்லை, பின்றது. 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் (இஞ்சுக்கு 24 ஊசி) மிஷின்னா 2,200-க்கு மேல ஊசி, உங்களது மாதிரியே குழாயாத்தான் இறங்கும். அதை அடுக்கி வெச்சு வெட்டி, ஓரம் பிரியாம ஓவர்லாக் தையல் போடுறோம்.

ஒண்ணே ஒண்ணு கவனிங்க அம்மணி. பின்னல்ல ஓட்டம் விட்டா மேலும் கீழுமாத்தான் ஏணி மாதிரி ஓடும். பக்கவாட்டுல அப்படி ஓடாது. கண்ணி வரிசை பிசகாம நேரா, ஒரே தூண்ல வெட்டினீங்கன்னா ஓட்டம் விட்டாலும் பட்டைக்குள்ளயே நின்னுக்கும், பூவுக்குள்ள போகாது. கோணலா மட்டும் வெட்டிடாதீங்க. சின்னக் கத்தரி, நல்ல வெளிச்சம். வெட்டுற இடத்துக்கு உள்ளே ஒரு அட்டையைச் செருகிக்குங்க, பின்பக்கத் துணி மாட்டாது.

மறுபடி அபர்தீனிலிருந்து:

அட்டை எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா, நன்றி. கோத்தகிரித் தங்கச்சிக்கும்தான்.

நேற்றிரவு அந்த மாதிரிக் குழாயை எடுத்தேன். பட்டையின் இரண்டு பக்கமும் குரோஷாவில் கட்டினேன், பழைய காலண்டர் அட்டையை உள்ளே நுழைத்தேன், நடுத் தூணைப் பிடித்து வெட்டினேன். சத்தமே இல்லை. விரித்து அளந்தேன், அதே 28. ஓரத்தை இழுத்தேன், உதறினேன், இன்று காலை வெந்நீரில் அலசியும் பார்த்தேன். ஒரு கண்ணியும் அசையவில்லை.

அக்குள் வரை இன்னும் 70 சுற்று இருக்கிறது.