பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தால் காதுக்கவசத்துக்குள் சத்தம் கசிகிறதா?

கேள்வி:
இரும்புப் பட்டறையில் கிரைண்டிங் வேலை செய்கிறேன். தீப்பொறி பறக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடியும், அதன்மேல் இயர்மஃப் வகைக் காதுக்கவசமும் நாள் முழுவதும் அணிந்திருப்பேன். பக்கக்கால்கள் தடித்த புதிய கண்ணாடிக்கு மாறியதிலிருந்து, கட்டிங் வீலின் கீச்சொலி முன்போலவே அடங்கியிருந்தாலும், அருகில் ஓடும் கம்ப்ரசரின் உறுமல் மட்டும் கூடுதலாகக் கேட்கிறது. கவசத்தைக் கழற்றினால் காதைச் சுற்றிப் படியும் அதன் மெத்தையில் கண்ணாடிக் கால் பதிந்த பள்ளம் தெரிகிறது. மாலையில் காதுக்குள் ரீங்காரமும் இருக்கிறது. இது என் பிரமையா?

மறுமொழி 1:
பிரமை இல்லை, ஐயா. இயர்மஃப் காதைச் சுற்றிலும் இடைவெளியின்றிப் படிந்திருந்தால்தான் முழுமையாக வேலை செய்யும். கண்ணாடிக் கால் மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும்போது, அதன் மேலும் கீழும் முக்கோண வடிவில் சிறு சந்துகள் உண்டாகின்றன. அந்தச் சந்து வழியே முதலில் நுழைவது தாழ்ந்த அதிர்வெண் ஒலிதான். கீச்சொலி அடங்கியிருக்க உறுமல் மட்டும் கூடியதற்குக் காரணம் இதுவே. உறையில் அச்சிட்டிருக்கும் ஒலிக்குறைப்பு எண்ணும் கண்ணாடி அணியாதவர்களை வைத்து அளந்தது என்பதால், அதை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

மறுமொழி 2:
கசிவால் கவசத்தின் பாதுகாப்பில் வரும் இழப்பு சில டெசிபல்தானே (ஒலியளவின் அலகு) என்று விட்டுவிட முடியாது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் ஒலியாற்றல் இருமடங்காகிறது. தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நையோஷ் (NIOSH) நிறுவனம் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், 88க்கு 4 மணி நேரம் என்று வரம்பு வைத்திருப்பது இந்தக் கணக்கில்தான். அதற்காகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலை பார்க்க வேண்டாம். கண்ணில் பொறி விழ ஒரு நொடி போதும்.

மறுமொழி 3:
நான் செய்து பார்த்த சோதனை ஒன்று: கம்ப்ரசர் ஓடும்போது இயர்மஃப்பின் இரு கோப்பைகளையும் உள்ளங்கையால் காதோடு அழுத்துங்கள். உறுமல் சட்டென்று குறைந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். கண்ணாடியின் கால்கள் மெல்லியதாக, தட்டையாக, தலையோடு ஒட்டி வளைபவையாக இருந்தால் மெத்தை அவற்றைச் சுற்றிப் படிந்துகொள்ளும். பழைய மெத்தை இறுகிப்போயிருந்தால் எந்தக் கண்ணாடியோடும் படியாது, அதை மாற்றிவிடுங்கள். கண்ணாடியை மாற்ற வழியில்லையென்றால், காதுத் துளைக்குள் செருகும் நுரை அடைப்பானுக்கு மாறுவதே நல்லது. அதைக் கண்ணாடிக் கால் தொடுவதே இல்லை. ஆனால் நன்றாக உருட்டி, காதின் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, ஆழமாகச் செருகி, அது விரியும்வரை விரலால் தாங்கியிருக்க வேண்டும். அரைகுறையாகச் செருகினால் இயர்மஃப்பே மேல். ரீங்காரத்தை மட்டும் தள்ளிப்போடாமல் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேட்டவர்:
அழுத்திப் பார்த்தேன்; இடப்பக்கம் உறுமல் பாதியாகக் குறைந்தது. அந்தப் பக்க மெத்தையின் ஓரத்தில் ஒரு வெடிப்பும் இருக்கிறது. புது மெத்தையும் மெல்லிய கால் கொண்ட கண்ணாடியும் வரும்வரை நுரை அடைப்பான் போட்டுக்கொள்கிறேன். பரிசோதனைக்கும் நாள் குறித்துவிட்டேன்.