மெய்நிகர் ரௌட்டரிலிருந்து ஸ்விட்சுக்கு விலான் 10 போகிறது, பதில் மட்டும் திரும்புவதில்லை

பல்லடத்துக்காரர் கேட்டது:

வணக்கங்க. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். தையல் பிரிவின் கண்காணிப்புக் கேமராக்களையும் கணக்குப் பிரிவின் கணினிகளையும் தனித்தனி விலான்களாக, அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனியே இயங்கும் வலையமைப்புகளாகப் பிரிக்கும் பொறுப்பு எனக்கு வரவிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியில் கை வைப்பதற்கு முன் பழகிக்கொள்வதற்காக வீட்டில் ஒரு சிறிய ஆய்வகம் அமைத்திருக்கிறேன்.

கோவையில் பழைய கணினிப் பொருள்கள் விற்கும் கடையில் வாங்கிய சிஸ்கோ 3560 ஸ்விட்சும், விண்டோஸ் 10 உள்ள ஒரு மேசைக்கணினியும் இருக்கின்றன. கணினியில் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்), அதற்குள் ஈவ்-என்ஜி (வலையமைப்புக் கருவிகளை மெய்நிகராக ஓட்டும் மென்பொருள்), அதற்குள் மெய்நிகர் ரௌட்டர் என்று அடுக்கியிருக்கிறேன். ரௌட்டரின் இன்டர்ஃபேஸ் ‘கிளவுட்1’ வழியாகக் கணினியின் ஈதர்நெட் அட்டைக்கும், அங்கிருந்து ஸ்விட்சின் முதல் போர்ட்டுக்கும் போகிறது. அந்தப் போர்ட்டை டாட்1க்யூ டிரங்க்காக, அதாவது ஃபிரேமில் (தரவுப் பொட்டலத்தில்) விலான் எண்ணை ‘டேக்’காக ஒட்டிப் பல விலான்களை ஒரே கேபிளில் கொண்டுபோகும் வழியாக, நிலையாக அமைத்துவிட்டேன்.

டேக் இல்லாத விலான் 1இல் இரு பக்கமும் பிங் போகிறது. சிடிபியில் (பக்கத்துக் கருவியைக் காட்டும் சிஸ்கோ நெறிமுறை) ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. ஆனால் விலான் 10க்கான சப்-இன்டர்ஃபேஸிலிருந்து (ரௌட்டர் இன்டர்ஃபேஸின் உட்பிரிவு) ஸ்விட்சின் விலான் 10 முகவரிக்குப் பிங் செய்தால் பதிலே இல்லை. எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) என்று பதியும் ரௌட்டரின் ஏஆர்பி அட்டவணையில் அந்த முகவரி ‘இன்கம்ப்ளீட்’ என்றே நிற்கிறது. ஸ்விட்சிலோ ரௌட்டரின் மேக் முகவரி விலான் 10க்குக் கீழே பதிவாகியிருக்கிறது. ரௌட்டர் அமைப்பை முழுவதும் அழித்து மறுபடி எழுதியும் மாற்றமில்லை. எங்கே தேடுவது?

பீளமேடு வலைப்பணியாளர் எழுதியது:

ரௌட்டர் அமைப்பை இனித் தொடாதீர்கள். தேவையான தடயத்தை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ஸ்விட்ச் அந்த மேக் முகவரியை விலான் 10இல் கற்றுக்கொண்டது என்றால், ரௌட்டர் அனுப்பிய ஃபிரேம் டேக் குலையாமல் ஸ்விட்ச் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஆகவே டிரங்க், கேபிள், சப்-இன்டர்ஃபேஸ் ஆகிய எதிலும் குறையில்லை. பதில் திரும்பி வரும் வழியில்தான் டேக் தொலைகிறது.

அது தொலையும் இடம் பெரும்பாலும் விண்டோஸின் ஈதர்நெட் டிரைவர். உள்ளே வரும் ஃபிரேமில் 802.1க்யூ டேக் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு மேலே கொடுப்பது பல டிரைவர்களின் இயல்பு. சாதாரணப் பயனருக்கு அந்த டேக்கால் எந்தப் பயனும் இல்லை என்பதால் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள், எனவே இதைப் பழுது என்று சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கு அது ஈரோட்டு மஞ்சள் மண்டி வாசலில் மூட்டையின் சீட்டைக் கிழித்துவிட்டு மூட்டையை மட்டும் உள்ளே விடுவது போல் ஆகிவிடுகிறது. டேக் இல்லாமல் வரும் ஏஆர்பி பதில் ரௌட்டரின் முதன்மை இன்டர்ஃபேஸில் போய் விழுகிறது. சப்-இன்டர்ஃபேஸ் காத்துக்கொண்டே இருக்கிறது. சிடிபியும் விலான் 1உம் முதலிலிருந்தே டேக் இல்லாமல் போய்வருவதால் அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஊகத்தை நம்ப வேண்டாம், பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்விட்சிலிருந்து ரௌட்டரின் விலான் 10 முகவரிக்குப் பிங் விட்டுக்கொண்டே, ஈவ்-என்ஜியின் லினக்ஸில் ‘கிளவுட்1’ இணைந்துள்ள ‘ஈதர்நெட்1’ மீது, ஃபிரேம்களைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை, ஈதர்நெட் தலைப்பகுதியையும் காட்டும் ‘இ’ விருப்பத்துடன் ஓட்டுங்கள். வெளியே போகும் ஃபிரேமில், டேக் இருப்பதைக் காட்டும் 0x8100 என்ற குறியும் விலான் 10உம் தெரிந்து, உள்ளே வருவதில் அவை இல்லையென்றால் முடிவு உறுதி. ரௌட்டரில் ஏஆர்பி டீபக்கை இயக்கினால் ‘ராங் கேபிள்’ என்று ஒரு வரி வரக்கூடும். கேபிளைப் பிடுங்கப் போய்விடாதீர்கள், தவறான இன்டர்ஃபேஸில் வந்தது என்பதே அதன் பொருள்.

இண்டெல் அட்டையாக இருந்தால், ரெஜிஸ்ட்ரியில் அந்த அட்டைக்குரிய பகுதியில் டிரைவரைப் பொறுத்து ‘மானிட்டர்மோட்’ அல்லது ‘மானிட்டர்மோட்எனேபிள்ட்’ என்ற டிவேர்டு மதிப்பை 1 என்று சேர்த்துக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். கூடவே, ஒர்க்ஸ்டேஷனின் விர்ச்சுவல் நெட்வொர்க் எடிட்டரில், மெய்நிகர் கணினியை ஈதர்நெட் அட்டையோடு இணைக்கும் பிரிட்ஜை ‘ஆட்டோமேட்டிக்’ என்று விடாமல் அந்த அட்டையையே பெயர் குறித்துத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் அது வைஃபையைப் பிடித்துக்கொள்ளும். வைஃபையில் அக்சஸ் பாயிண்ட், தன்னிடம் பதிவான மேக் முகவரியை மட்டுமே ஏற்கும் என்பதால் டிரங்க்குக்கு அது உதவாது.

கோபி வாய்க்கால் எழுதியது:

மேலே சொன்ன காரணம் சரியே. ஆனால் ரெஜிஸ்ட்ரி வைத்தியத்தில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. டிரைவர் புதுப்பிப்பு வந்தால் அந்த மதிப்பு அப்படியே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய கணினி ஒன்று கிடைத்தால் விண்டோஸே இல்லாமல் ஈவ்-என்ஜியை நேரடியாக நிறுவி, இரண்டு ஈதர்நெட் அட்டைகளில் ஒன்றை நிர்வாகத்துக்கும் மற்றொன்றை டிரங்க்குக்கும் ஒதுக்குங்கள். இடையில் இருக்கும் அடுக்குகள் குறையக் குறைய, சந்தேகப்பட வேண்டிய இடங்களும் குறையும்.

லினக்ஸ் பிரிட்ஜுக்கும் சொந்தக் குணம் உண்டு. பல கேபிள்களை ஒரே இணைப்பாக (ஈதர்சேனல்) சேர்க்கும் எல்ஏசிபி நெறிமுறை பயன்படுத்தும் 01-80-சி2-00-00-02 என்ற முகவரிக்கு வரும் ஃபிரேம்களைச் சாதாரண லினக்ஸ் பிரிட்ஜ் அடுத்த பக்கம் கடத்தாது. சிடிபியின் முகவரி அந்த வரிசையில் இல்லாததால் அது மட்டும் தாராளமாகக் கடந்துபோகும். அதனால் பக்கத்துக் கருவி தெரிகிறதே, ஈதர்சேனல் ஏன் சேரவில்லை என்று குழம்ப வேண்டிவரும். அங்கே இரு பக்கமும் சேனலை எல்ஏசிபி இல்லாத ‘ஆன்’ நிலையில் வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

இன்னொன்று: ஸ்விட்சில் ‘ரைட் மெமரி’ கொடுக்க மறக்காதீர்கள். எங்கள் பக்கம் சாயங்காலம் கரண்ட் போனால் சேமிக்காத அமைப்பும் கூடவே போய்விடும்.

பல்லடத்துக்காரர் எழுதியது:

இருவருக்கும் நன்றிங்க. டிசிபிடம்ப்பில் அப்படியே தெரிந்தது: போவதில் 0x8100 இருந்தது, வருவதில் இல்லை. ரெஜிஸ்ட்ரி மதிப்பைச் சேர்த்து மறுதொடக்கம் செய்ததும் விலான் 10, 20 இரண்டிலும் பிங் போகிறது. வேறு கணினி கிடைக்கும்வரை இப்படியே ஓட்டுகிறேன். ஆனால் ரௌட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையைப் போட்டால் நெய்பர் (பக்கத்து ரௌட்டர்) ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையிலேயே நிற்கிறது. இதுவும் டேக் சிக்கல்தானா?

பீளமேடு வலைப்பணியாளர் எழுதியது:

இல்லை. ஹலோ பாக்கெட்டுகள் இரு பக்கமும் போய்வந்ததால்தான் அந்த நிலை வரை வந்திருக்கிறது. அடுத்து வரும் டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்டில் ஒவ்வொரு ரௌட்டரும் தன் இன்டர்ஃபேஸின் எம்டியூவை (அதில் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு, பைட்டில்) எழுதி அனுப்பும். தன்னால் ஏற்க முடிந்ததைவிடப் பெரிய எண்ணைக் காணும் பக்கம் அந்தப் பாக்கெட்டைத் தள்ளிவிடும். ஸ்விட்சில் ‘ஷோ சிஸ்டம் எம்டியூ’ கொடுத்துப் பாருங்கள். வாங்கிய ஸ்விட்சில் முந்தைய இடத்து அமைப்பு மிச்சம் இருந்தாலும் இருக்கும். ரௌட்டிங் எம்டியூ ரௌட்டரில் உள்ளதற்குச் சமமாக, வழக்கமான 1500ஆக இருக்கட்டும். அதை மாற்ற ஸ்விட்சை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை, சிஸ்டம் எம்டியூவை மாற்றினால்தான் தேவை. ‘எம்டியூ-இக்னோர்’ கட்டளை கொடுத்தாலும் நெய்பர் சேர்ந்துவிடும். ஆனால் பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தால் அது உங்களுக்குத் தெரியாது என்பதால், பழகும் ஆய்வகத்தில் அதை நான் பயன்படுத்த மாட்டேன். சமப்படுத்திய பிறகு, துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1500 அளவில் ஒரு பிங் அனுப்பி இரு பக்கமும் உறுதி செய்துகொள்ளுங்கள்.